வெட்டாத கரும்பு

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும், மற்றவன் இளையவன். பெரியவர் சொன்னது காதில் விழுந்ததும் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“என் கரும்ப நான் வெட்டப்போறதில்ல, மச்சான்.”

“இன்னா மாமா சொல்ற? முத்திப்போயி பூவே வுட்டுடுச்சே.”

“வுடட்டும். முன்னால இருக்கற என் கொல்லைய வெட்டினாத்தான் பின்னால இருக்கற கொல்லைக்காரன் கரும்புக்கு டிராக்டர் போவும். வெட்டலன்னா அவன் கரும்பும் நின்ன எடத்துலயே காயும். அவன் கொல்லையில மேஞ்ச என் மாட்டப் புடிச்சிக் கட்டி வெச்சிக்கினு, ஊரே பாக்க என்ன இன்னா பேச்சு பேசினான்.”

“அதுக்கு அக்கா இன்னா பண்ணிச்சு? வெட்டச் சொன்னதுக்குப் போயி அடிச்சிருக்க. பத்து நாளா எங்க வூட்ல அழுதுகினு இருக்குது.”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வர, பஸ் ஓரம் கட்டி நின்றது.

“மாமா, அவன் கரும்பு போன வாரமே ஆலைக்குப் போயிடுச்சி. கெழக்கால கொல்லைக்காரரு வழி வுட்டுட்டாரு. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். வரப்புல நின்னு பாத்துகினுதான் இருந்தேன்.”

“அப்புறம் இன்னாத்துக்கு நீ இன்னும் வெட்டாம இருக்க?”

பஸ் கிளம்பியது. பெரியவர் அவன் பக்கம் திரும்பினார்.

“இப்ப போயி வெட்டினா, நான் தோத்த மாரி ஆயிடாதா?”

நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது குரல். மச்சான் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.