ராய்ஸ் டாக்கெட்டின் மூன்றாவது பத்தி

மேடையிலிருக்கும் முதல்வர் ஹார்ட்விக் அவர்களே, போதகர் லூமிஸ் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராய்ஸின் மனைவி திருமதி ஆர்டித் டாக்கெட் அவர்களே, பராமரிப்புப் பிரிவின் நண்பர்களே, ராய்ஸோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுதிய மாணவர்களே! துக்கத்தோடு கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ராய்ஸ் டாக்கெட் நம் கல்லூரியில் எப்படி எழுத்தில் வளர்ந்தார் என்று பேசும்படி முதல்வர் கேட்டுக்கொண்டார். கேட்பவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்றார். பேசுகிறேன். ஊக்கமாக இருக்குமா என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

பத்தொன்பது ஆண்டுகள் இந்தக் கட்டடத்தைச் சூடாக வைக்கும் கொதிகலன்களைப் பார்த்துக்கொண்டவர் ராய்ஸ். ஜனவரி மாதத்தில் நாம் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பாடம் நடத்தினோம் என்றால் அது யாரால்? அவரால்! போன வருடம், ஐம்பத்தொன்பதாம் வயதில், ஊழியர்களுக்குக் கட்டணம் இல்லை என்ற விதியைப் பயன்படுத்தி என்னுடைய முதலாண்டுக் கட்டுரை வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நாள் எல்லோருக்கும் ஒரு கேள்வி கொடுப்பேன்: இந்த வகுப்பிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்? பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்ததை அரைப் பக்கத்துக்கு எழுதினார்கள். ராய்ஸ் எழுதியது இரண்டே வரி. “எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுத வேண்டும். அது சரியாக வந்ததும் நிறுத்திவிடுவேன்.”

எந்தக் கடிதம் என்று இந்த ஊருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மகன் லைல் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறையில் இருக்கிறார். பத்தொன்பது வயதில் இரண்டு நண்பர்களோடு ஒரு பெட்ரோல் பங்கைக் கொள்ளையடிக்கப் போனார். கல்லாவில் இருந்த நோரின் டேபர் என்ற பெண்ணை அடித்தார்கள். அவர் அதற்குப் பிறகு நடக்கவில்லை. லைலை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவு செய்யும் பரோல் குழுவுக்கு, தந்தை எழுத வேண்டிய கடிதம் அது.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வரைவையும் வட்டமாக உட்கார்ந்து சத்தமாக வாசிப்போம். மற்றவர்கள் குறை சொல்வார்கள். ராய்ஸ் முதல் வரைவை வாசித்து முடித்ததும் டிரெஸ்ஸா கை தூக்கினாள். பின்வரிசையில் இருக்கிறாள், எனக்குத் தெரிகிறது.

“ராய்ஸ், ‘நல்ல பையன்’னு ஒம்போது தடவ எழுதியிருக்கீங்க. எங்கம்மா என்னப் பத்தி ஒம்போது தடவ அப்படிச் சொன்னா, நானே என்னச் சந்தேகப்படுவேன்.”

“உங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாக்கட்டுமா?” என்றார் ராய்ஸ். வகுப்பே சிரித்தது. அடுத்த வரைவில் அந்த வார்த்தை ஒரு தடவைகூட இல்லை.

அப்படித்தான் வளர்ந்தார். கொதிகலன் அறையில் தலைகீழாகக் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து எழுதுவார். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். மார்ச் மாதத்தில் என் அறைக்கு வந்தார்.

“மேடம், படிக்கப்போறவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருப்பாங்கல்ல? அவங்ககிட்ட என்னத்தச் சொல்றது?”

நான் என்ன சொன்னேன்? இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். எதிர்த்தரப்பின் வாதத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள். நேர்மையாக, அவர்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்லுங்கள். படிப்பவர் உங்களை நம்புவார் என்றேன். பாடநூலில் அது நான்காம் அத்தியாயம்.

ராய்ஸ் நோரின் டேபரின் தெருவுக்குப் போய், வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மூன்றாவது பத்தியை எழுதினார். திருமதி டாக்கெட் மன்னிக்க வேண்டும், அதை வாசிக்கிறேன்.

“திருமதி டேபரின் வீட்டு வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன. பதினேழு வருடமாக யாராவது தூக்கித்தான் அவரை இறக்குகிறார்கள். நான் அவருடைய அப்பாவாக இருந்தால், லைல் வெளியே வரக்கூடாது என்று உங்கள் முன் வந்து நிற்பேன். நான் அப்படி நிற்பது நியாயமாகவும் இருக்கும்.”

வட்டத்தில் அதை வாசித்தார். டிரெஸ்ஸாதான் மெதுவாகச் சொன்னாள். “ராய்ஸ், இது அவங்க கையில நீங்களே காரணத்த எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருக்கே.”

“டீச்சர் சொல்லியிருக்காங்கல்ல,” என்றார் அவர்.

நான் அந்தப் பத்தியின் ஓரத்தில் பச்சை மையால் எழுதினேன்: இந்தக் கடிதத்தின் மிகச் சிறந்த பத்தி. வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் கொடுத்தேன். கடிதம் போனது.

ஜூன் மாதம் பதில் வந்தது. விடுதலை மறுக்கப்பட்டது. காரணம் எழுதியிருந்த இடத்தில் ராய்ஸின் மூன்றாவது பத்தி, மேற்கோள் குறிகளுக்குள், ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. கைதியின் தந்தையே ஒப்புக்கொண்டபடி, என்று தொடங்கியிருந்தார்கள்.

ராய்ஸ் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்! “உங்களுக்கும் அவங்களுக்கும் அதே பத்திதான் புடிச்சிருக்கு மேடம்,” என்றார். பிறகு என் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்து, “இது சரியா சூடாகறதில்லையே, ஏன் சொல்லல?” என்று கேட்டார்.

அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன். அடுத்த விசாரணை இந்த நவம்பரில். பதினைந்து மாதங்களில் பதினோரு வரைவு எழுதினார். பதினொன்றிலும் அந்தப் பத்தி இருந்தது. ஒருமுறை கோபமாகவே கேட்டேன். “அத எடுத்துட்டா, நான் அந்த நாலு படியப் பாக்கலன்னு ஆயிடும் மேடம். பாத்துட்டேனே.” அவ்வளவுதான் பதில்.

போன செவ்வாய்க்கிழமை காலை கொதிகலன் அறையில் அவர் இதயம் நின்றது. பதினோராவது வரைவு என்னிடம் இருக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதிக்குள் அது பரோல் குழுவிடம் போய்ச் சேர வேண்டும்.

இன்று காலை நடைபாதையில் திருமதி டாக்கெட் என் கையைப் பிடித்தார். “உங்ககிட்ட பேனா இருக்கு. அந்தப் பத்திமேல ஒரு கோடு போடுங்க. அவருக்குத் தெரியவா போகுது? என் புள்ளைக்கு முப்பத்தேழு வயசாச்சும்மா.” அந்தப் பத்தி இல்லாவிட்டால் லைலை விட்டிருப்பார்களா? எனக்குத் தெரியாது. வைத்தால் இனியாவது நம்புவார்களா? தெரியாது! நல்ல எழுத்து படிப்பவரை மாற்றும் என்று சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். திங்கட்கிழமை இருபத்துநான்கு பேர் நான்காம் அத்தியாயத்தோடு காத்திருப்பார்கள். அவர்களிடம் என்ன சொல்வேன் என்பதும் தெரியாது.

ராய்ஸ் டாக்கெட் வளர்ந்தாரா? வளர்ந்தார். நான் கற்றுக்கொடுத்ததைத் தாண்டி வளர்ந்தார். நான் அதை ஒரு உத்தி என்று கற்றுக்கொடுத்தேன். அவர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டார். அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் கடைசியாக ஓர் உறுதிமொழி சொல்வார்கள். அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்பார்கள். என்னால் தொடர முடியாது. அந்தக் கடிதத்துக்கு நான் தந்தையும் இல்லை, தாயும் இல்லை. ஆர்டித், இந்த உறையில் அந்த வரைவு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் உங்கள் கையில் கொடுக்கிறேன். நான் கோடு போடவில்லை, போட மாட்டேன். நீங்கள் போட்டால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அது உங்கள் வீட்டுக் கடிதம்.

நான் உறுதி சொல்லக்கூடியது இவ்வளவுதான். விசாரணை நாளன்று விடிவதற்கு முன் என் கார் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். விசாரணை நடக்கும் சிறைக்குப் போகச் சாலையில் நான்கு மணி நேரம் ஆகும். உள்ளே குடும்பத்தில் ஒருவரைத்தான் விடுவார்களாம். நீங்கள் போங்கள். நான் வெளியே நிற்கிறேன்.