கயிற்றேணி

— மாஸ்டர், முதல்ல அவனைக் கீழ இறக்குங்க! நான் நிமிர்ந்து பாக்கறதுக்குள்ள கயித்தேணி உச்சிக்குப் பக்கத்துல நிக்கறான். யாரு இவனை அங்க ஏத்திவிட்டது?

— பதறாதீங்கம்மா. நான் ஏத்தல. பந்தை எடுக்கக் குனிஞ்சேன், அதுக்குள்ள அவனா ஏறிட்டான்.

— அவனாவா? மாடிப்படியே என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுவான்! ஏழு வயசாகியும் ஒத்தைக் கால்ல நிக்க வரலைன்னுதானே உங்க உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்?

— தெரியும்மா. அதான் சொல்றேன், கத்தாதீங்க. உங்க குரல் நடுங்கினா அவன் கையும் நடுங்கும்.

— அம்மா... கால் வழுக்குதும்மா...

— ஐயோ, என் ராசா! மாஸ்டர், ஏறித் தூக்கிட்டு வாங்களேன்!

— நான் ஏறினா கயிறு ஆடும், பயந்து கையை விட்டுருவான். கீழ மெத்தை போட்டிருக்கு. அவனேதான் இறங்கணும். டேய், குட்டி கேப்டன்! என்னைப் பாரு. ரெண்டு கையும் இறுக்கிப் பிடி.

— கண்ணு, மெதுவா வாடா. வந்தா அம்மா வெண்ணெய் ரொட்டி ஊட்டிவிடறேன்!

— வேணாம்மா...

— ஐயோ! இன்னும் ஒரு படி மேல போறானே, மாஸ்டர்!

— சாப்பாட்டுப் பேச்சை விடுங்கம்மா. காயும் பழமும் குடுங்க, பசிச்சுக் கேட்டா மட்டும் குடுங்க, ஊட்டாதீங்கன்னு வந்த அன்னைக்கே சொன்னேன்ல?

— உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. குறைமாசத்துல பொறந்தவன் மாஸ்டர். என் உள்ளங்கையில அடங்கிட்டான். பொழைக்க மாட்டான்னு டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. சொட்டு சொட்டாப் பால் விட்டு இழுத்துப் பிடிச்சேன். இன்னிக்கும் ஒரு வாய் வேணாம்னு சொன்னா சாப்பாட்டு டப்பாவோட பின்னாலயே ஓடறேன். என்னை விட்டுப் போயிடுவானோன்னு பயமா இருக்கு.

— அந்தப் பயமெல்லாம் இப்ப அவன் உடம்புல ஏறி உக்காந்திருக்கும்மா. கேப்டன், இடது காலை மட்டும் கீழ விடு. துழாவிப் பாரு.

— எட்டல மாஸ்டர்!

— எட்டும். வலது முட்டியை மடக்கு, உக்கார்ற மாதிரி.

— வயிறு இடிக்குது!

— இடிக்கட்டும், அது எங்கயும் ஓடிடாது. இடுப்பைப் பின்னால தள்ளு.

— தொட்டுட்டேன்! கால் தொட்டுடுச்சு!

— பலே! இப்போ ஒரு கையை மட்டும் இறக்கு. மத்ததெல்லாம் பிடிச்ச பிடியா இருக்கட்டும்.

— என்னால பாக்க முடியல, கண்ணை மூடிக்கறேன்.

— மூடாதீங்கம்மா. அவன் காலு தானா வழி தேடுது பாருங்க. வீட்டுல இந்தக் கால்களுக்கு வேலையே குடுக்கலையே நீங்க.

— வர்றான்... மாஸ்டர், வர்றான்!

— கடைசிப் படி. குதிக்காத. வை... அவ்வளவுதான்!

— என் தங்கமே! இப்படி வேர்த்துக் கொட்டுதே! அடி பட்டுச்சா? ஏன்டா ஏறின? குண்டுன்னு யாராவது கேலி பண்ணாங்களா? சொல்லு, அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.

— யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நீ வாசல்ல நின்னு ரொட்டி டப்பாவைத் திறந்தியா... அங்க ஏறிட்டா உன் கை எட்டாதுன்னு ஏறிட்டேன்.