பெருசு வர்றதுக்கு முன்னாடி

— நிறுத்த முடியாதுன்னா எப்படிங்க? வெடி போடுறதே நீங்கதானே!

— நான் எங்கம்மா போடுறேன்? எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சது, அதுபாட்டுக்குப் போகுது. நான் ஆத்தங்கரையில நின்னு பார்த்துக்கிட்டிருக்கேன், அவ்வளவுதான்.

— இருட்டினப்புறம்தான்னு சொல்லிட்டுப் போனீங்க. அதுக்குள்ள உருண்டையைத் தங்கச்சி வீட்டுல விட்டுடலாம்னு அவன் போர்வை, தட்டு, சங்கிலி எல்லாம் எடுத்து வச்சிருந்தேன். இப்பப் பாருங்களேன், வெளிச்சமே முழுசாப் போகல.

— மழை வரும்போல இருக்குன்னு முதலாளி முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லிட்டார். பாலத்தைத் திறக்க வந்த பெரிய மனுஷங்க நனையக் கூடாதாம். உனக்குப் போன் பண்ணினேன், நீ எடுக்கல.

— மாடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். இறங்கி வந்தா, வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி சொருகிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். வாயெல்லாம் எச்சில். உடம்பு தூக்கித் தூக்கிப் போடுதுங்க.

— டாக்டர் குடுத்த மாத்திரை?

— அதை முன்கூட்டியே குடுத்திருக்கணுமே. இப்ப வாயையே திறக்க மாட்டேங்கறான்.

— சரி, விடு, பலவந்தம் பண்ணாதே. சொல்றதைக் கேளு. ஜன்னலைச் சாத்து. திரையை இழுத்து விடு. டிவியைச் சத்தமா வை. அவனை வெளிய இழுக்காதே, அதுதான் பத்திரம்னு அவனுக்குத் தோணியிருக்கு. நீ பக்கத்துல உட்காரு, போதும்.

— உட்கார்ந்துதான் இருக்கேன். என்னையே பார்க்கிறான். நான் ஏதோ பண்ணிடுவேன்னு பார்க்கிறான். என்னத்தைப் பண்றது, சொல்லுங்க?

— கொஞ்சம் பொறு. இப்பக் கொஞ்ச நேரம் பூ மாதிரி விரியறதுதான், அவ்வளவா சத்தம் இருக்காது. பெருசு வர்றதுக்கு முன்னாடி உனக்குச் சொல்றேன்.

— சொல்லி? நான் அவன்கிட்ட, டேய், அப்பா பெருசு போடப் போறார், தயாரா இருன்னு சொல்லவா?

— ஏம்மா...

— இருங்க, யாரோ பெல் அடிக்கிறாங்க.

— திறக்காதே. முதல்ல அவனை ரூம்ல விட்டுச் சாத்து. கேக்குதா? ஹலோ?

— ஐயோ, உருண்டை! டேய், நில்லுடா!

— என்னாச்சு?

— ஓடிட்டான்ங்க! மாடி வீட்டு அக்கா வந்தாங்க. உன் வீட்டுக்காரர் வேலை பிரமாதம், வா, மேல நின்னு பார்க்கலாம்னு கூப்பிடறாங்க. ஒரு சாண்தான் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒண்ணு வெடிச்சுது. காலுக்கு நடுவுல புகுந்து போயிட்டான். கேட்டும் திறந்து கெடக்கு.

— எந்தப் பக்கம்?

— ஆத்துப் பக்கம். சத்தம் வர்ற பக்கமே ஓடுறான், பைத்தியக்காரன்.

— கத்திக்கிட்டுப் பின்னாடி ஓடாதே. துரத்துறாங்கன்னு இன்னும் வேகமா ஓடுவான்.

— ஓடாம எப்படி? தெருவெல்லாம் ஜனம். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. வெள்ளை நாயைப் பார்த்தீங்களான்னு கேட்டா ஒருத்தர் என்னையும் மேல பாருன்னு கையைக் காட்டுறார்.

— அந்த அக்காகிட்ட கேட்டைத் திறந்தே வைக்கச் சொல்லு. வாசல் லைட்டைப் போடச் சொல்லு. அவனா திரும்பி வந்தாலும் வருவான்.

— பஸ் போற ரோட்டைத் தாண்டணும்ங்க அவன்.

— தெரியும்மா.

— தெரியும்னா ஏதாவது பண்ணுங்களேன்!

— இரு. இரு இரு. மணல்ல ஏதோ ஓடுது.

— என்னது?

— நாய். வேலிக்கு அடியில நுழைஞ்சு வந்திருக்கு. வெடிக் குழாய் நட்டு வச்சிருக்கிற இடத்துக்கே போகுது. வெள்ளை. வாலு வயித்தோட ஒட்டிக் கெடக்கு.

— உருண்டைதான்! உங்களைத் தேடித்தாங்க வந்திருக்கான்!

— கடைசி வரிசை பாக்கி இருக்கு. இருக்கிறதுலயே பெருசு, எல்லாம் ஒண்ணாக் கிளம்பும். அவன் நட்ட நடுவுல நிக்கிறான்.

— நிறுத்துங்க!

— நிறுத்துற பொத்தான் என் கையிலதான் இருக்கு. ஆனா மனுஷங்க உள்ள வந்தா மட்டும்தான் அழுத்தணும்னு சொல்லியிருக்காங்க. நாய்க்காக அழுத்தினேன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.

— பொத்தானா? அப்போ முதல்லயே நிறுத்தியிருக்கலாமா?

— இரு, பொத்தான் மூடியைத் திறக்கிறேன்.

— உங்களைத்தான் கேக்கறேன்.

— அழுத்திட்டேன்.

— ஆமா. சத்தமே இல்ல.

— கை தட்டுறாங்க. முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சுட்டாங்க. முதலாளி கத்திக்கிட்டே வர்றார். நான் மணல்ல இறங்குறேன்.

— சட்டையைக் கழட்டிட்டுப் போங்க! வெடிமருந்து வாசனை வந்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுவானே.

— கழட்டிட்டேன்.

— நேரா போகாதீங்க. மூஞ்சியைப் பார்க்காம, பக்கவாட்டுல திரும்பி உட்காருங்க.

— உட்கார்ந்துட்டேன். ஒரே புகை. வர்றான்... வயித்தால தேய்ச்சுக்கிட்டு வர்றான். மடியில ஏறிட்டான்ம்மா! நெஞ்சு என் உள்ளங்கையில வந்து இடிக்குது.

— என் தங்கமே! அடி கிடி பட்டிருக்கான்னு பாருங்க. காலைப் பாருங்க, வயித்தைத் திருப்பிப் பாருங்க.

— புகையில ஒண்ணும் தெரியல. இரு, டார்ச் அடிக்கிறேன்.

— என்னங்க? ரத்தம் ஏதாவது வருதா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?

— நீ இப்ப எங்க இருக்கே?

— பஸ் ரோட்டுக்கு வந்துட்டேன். நடு ரோட்டுல ஒரு பஸ் நிக்குது, சுத்தி ஒரே கூட்டம். அதை விடுங்க, உருண்டை எப்படி இருக்கான்?

— அந்தக் கூட்டத்துக்குள்ள போகாதே. அங்கேயே நில்லு, நான் வந்துடறேன். இது பொட்டை நாய்ம்மா.