காலண்டருக்குப் பின்னால் பூசணம்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டு இளம்பெண் தோழியிடம் சொன்னாள்: "பிள்ளை படுக்கிய முறியில நாலு காலண்டர் மாட்டியாச்சு."

"தேதி பாக்கவா மக்கா?"

"போட்டீ. சுவரு முழுக்க கறுப்புப் பூசணமாக்கும். பிள்ளைக்க இருமலு மாற சாயங்காலம் வீட்டுல ஜெபம் உண்டு. சபைக்காரங்க கட்டிலச் சுத்தி நிப்பாங்க, கண்டா நாணக்கேடுல்லா?"

"அந்தப் பூசணம்தான் இருமலுக்குக் காரணமோ என்னவோ! டாக்டருட்ட சொன்னியா?"

"சுவரையா?"

என் மடியில் மகள் தூங்கினாள். எங்கள் வீட்டு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து நாளாகிவிட்டது.

"சொல்லணும் மக்கா. மொதல்ல பிள்ளைய வேற முறிக்கு மாத்து. ஜன்னலத் துறந்து, துணியால மூக்கும் வாயும் கெட்டி, சோப்புத் தண்ணியில துடை. வாரியலால பெருக்கித் தட்டாத, பொடி பறக்கும். சுவருல தண்ணி ஒழுகுற இடத்தையும் அடைக்கச் சொல்லு."

பிள்ளையின் அம்மா உடனே கணவனுக்குப் போன் செய்தாள். "பிள்ளைய முன்முறியில கிடத்துங்க. காலண்டரையும் கழத்துங்க. ஜெபத்துக்கு வாறவங்க அந்த முறிச் சுவரையும் போய்க் கண்டுட்டு ஜெபிக்கட்டு."