ஏழு மருத்துவமனைகளுக்கு வந்து சேர்ந்தவர்

அவைக்கு அணிசெய்யும் தலைவர் அவர்களே, ஆயிரம் உயிர்களைச் சுமந்தோடிய ஆம்புலன்ஸ் ஓட்டுநர் பெருமக்களே, கைபட்டாலே காய்ச்சல் தணிக்கும் செவிலித் தாய்மார்களே, சீக்கிரம் முடிக்கச் சொல்லி இப்போதே சீட்டு அனுப்பிவிட்ட செயலாளர் அவர்களே, வணக்கம்.

நான் கட்டுப்பாட்டு அறையில் கணினித் திரை பார்ப்பவன். எந்த மருத்துவமனையிலிருந்து எந்த மருத்துவமனைக்கு எந்த நோயாளி மாற்றப்படுகிறார் என்பது அதில் கோடு கோடாக ஓடும். எங்கே சிக்கல் விழுகிறது என்று கண்டு சொல்வது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை, ஒரு கோடு வட்டம் போட்டது. ஒரே நோயாளி, இரண்டே நாள், ஏழு மருத்துவமனைகள். ஏழிலும் ஒரே பதிவு: 'வந்து சேர்ந்தார், நிலை சீர்.' வண்டி எண் மட்டும் எங்குமே இல்லை.

அன்றே அவருடைய மகள் தொலைபேசியில் பேசினாள்.

"சார், ஏழு ஆஸ்பத்திரியும் ஏறி இறங்கிட்டேன். நல்லா இருக்கார், இப்பதான் அடுத்த இடத்துக்கு அனுப்பினோம்னு சொல்றாங்க. ஆனா அப்பாவைக் கண்ணால பார்த்தவங்க ஒருத்தர்கூட இல்ல சார்."

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நம் வழக்கம்தானே? ஆள் வருமுன்பே வந்ததாகப் பதிகிறோம். படுக்கை இல்லையென்றால், அடுத்த இடத்துக்கு அனுப்பியதாகவும் பதிகிறோம்.

கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துப் போனேன். முதல் மருத்துவமனையில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் அவர். எந்த வண்டியிலும் அவரை ஏற்றவே இல்லை. சாப்பாடு வரவில்லை, ஏன்? அவர்தான் போய்விட்டாரே. மருந்து வரவில்லை, ஏன்? அவர்தான் போய்விட்டாரே. அவரைச் சுற்றித் தரையைப் பளபளவென்று துடைத்திருந்தார்கள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலே எழாமல் கேட்டார்: "தம்பி, நான் இங்கதான இருக்கேன்?"

அவர் பிழைத்தார். மகள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். கைதட்ட வேண்டாம், பொறுங்கள். இன்று காலை திரையைப் பார்த்தேன். அந்தக் கோடு இன்னும் ஓடுகிறது. நான்காவது மருத்துவமனையில், 'வந்து சேர்ந்தார், நிலை சீர்.' பதிந்த கை இந்த அரங்கத்திலேயே இருக்கலாம்.

அதை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. உங்களில் யாராவது ஒருவர், 'இவரை நான் பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும். பதினொரு நாளாக ஒருவரும் எழுதவில்லை. நாளை அவர் உங்கள் மேசைக்கு வருவார். எழுதுமுன் எழுந்து போங்கள், படுக்கையைப் பாருங்கள், முகத்தைப் பாருங்கள்.

வந்திருப்பதாக வாசல் பதிவேட்டில் இருநூறு கையெழுத்து இருக்கிறது. நான் கண்ணால் பார்க்கிற உங்கள் அத்தனை பேருக்கும் நன்றி, வணக்கம்.