என் பல்லு, உனக்குக் கைத்தட்டலா?

பொன்னேரி பஸ்ஸில், பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் திடீரென்று கேட்டாள்:

"என் பல்லு ஒடஞ்சத நீ எதுக்கு காலேஜ்ல போய் சொன்ன?"

"ஊர்ல இன்னா கொறைனு வகுப்புல வந்து சொல்லச் சொன்னாங்கக்கா, அந்த காலேஜு டீச்சரம்மா. கரையில லைட்டு இல்லாம நீ வழுக்கி வுழுந்தத சொன்னேன்."

"ரெண்டு கையாலயும் எறா தடவ, பறிக் கூடைய பல்லுல கடிச்சிக்கினு தண்ணில எறங்குறவ நானு. இப்போ கடிக்க முடியல. வகுப்புல கெடச்ச கைத்தட்டு மட்டும் ஒனக்கா?"

"ஒன் பேரச் சொல்லித்தான்க்கா சொன்னேன். லைட்டுக்கு மனு எழுதறாங்களாம், பல்லு ஒடஞ்சவங்களையே கூட்டினு வாங்கனு டீச்சரம்மா சொன்னாங்க. அதான் ஒன்ன கூட்டினு போறேன்."

மூத்தவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அப்போ நீ எதுக்கு வர்ற? அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோ."