மோட்டரோட பழைய கொரலு

இல்லீங்க தம்பி, அந்தப் புதுப் பொட்டிய வண்டியில இருந்து எறக்கவே எறக்காதீங்க. அங்கயே கெடக்கட்டும். வந்ததுக்கு மோரு குடிங்க. கேஸு போட்டவன் கம்பெனிக்காரருக்கு மோரு குடுக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் சட்டம் இருக்குதுங்களா? இருந்தாலும் குடிங்க.

சமரசத்துக்கு வந்திருக்கறேங்கறீங்க. சரிங்க. நாங் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. என்ற மோட்டரு முந்தி எந்தக் கொரல்ல பேசுச்சோ, அந்தக் கொரல்லயே மறுபடியும் பேசோணும். அவ்வளவுதான். நஷ்டஈடு, மன உளைச்சலு அதெல்லாம் வக்கீலு சேத்து எழுதுனதுங்க. அவருக்கும் பொழப்பு ஓடோணுமல்ல.

வேலைக்குப் புதுசுங்களா? அதான பாத்தேன், மொகத்துல இன்னும் வெக்கம் இருக்குது. அப்பக் கேளுங்க. எங்க காட்டுக்கு த்ரீபேஸ் கரண்டு எப்ப வரும், எப்பப் போவும்னு ஆருக்கும் தெரியாது. அதுக்குத்தான் உங்க பொட்டிய வாங்குனது. ஸ்டார்ட்டர்ல மாட்டிட்டா, ஊட்டுல உக்காந்துட்டே மோட்டருக்குப் போன் போடலாம். அதுவும் மனுசனாட்ட எடுத்துப் பேசும். த்ரீபேஸ் வந்துருச்சுங்க. மோட்டரு ஓடுதுங்க. கெணத்துல தண்ணி இல்லீங்க, நிறுத்திட்டனுங்கன்னு. நம்மூட்டுக் கொரல்லயே பேசிப் பதிஞ்சுக்கலாம்னு ஒரு வசதி இருந்துச்சு, பதிஞ்சோம். நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. பொட்டி மேலயே ரோசாப்பூக் கலர்ல போட்டிருந்தீங்க, எல்லா வசதியும் ஆயுளுக்கும் இலவசம்னு.

அப்பறமேட்டுக்கு ஒரு நாளு போன்ல அப்டேட்டுனு வந்து நிக்குது. கீழ ஒத்துக்கறேன்னு ஒரே பட்டன். ஒத்துக்கலைன்னு ஒண்ணு இருக்குமான்னு மேல தள்ளிப் பாத்தேன், கீழ தள்ளிப் பாத்தேன், இல்ல. கலியாணத்துல கூடப் பொண்ணுகிட்டச் சம்மதமான்னு பேருக்காச்சும் ஒரு வார்த்த கேப்பாங்க தம்பி. சரி, கெரகம்னு அமுக்குனேன். அன்னியோட போச்சு. மோட்டருக்குப் போன் போட்டா, அன்பார்ந்த வாடிக்கையாளரே, குரல் சேவையைத் தொடர்ந்து பெற பிளஸ் திட்டத்தில் இணையுங்கள்னு ஒரு அம்மா செய்தி வாசிக்குது. மோட்டரு ஓடுதா நிக்குதான்னு கேட்டா, அன்பாருது!

ஏனுங்க, சிரிக்கறீங்க. நல்லாச் சிரிங்க. உங்க வக்கீலு நாமக்கல்லு நுகர்வோர் கோர்ட்டுல பேசுனத நீங்க கேக்கலையே. பொட்டி மட்டுந்தான் இந்தத் தங்கசாமிக்குச் சொந்தமாம். உள்ள இருக்கற சாப்ட்வேரு கம்பெனிக்குச் சொந்தமாம். சும்மா பொழங்கிக்கச் சொல்லி அனுமதிதான் குடுத்தாங்களாமா. ஏனுங்க, கெடாய வித்துப்போட்டு, அது கத்துறதுக்கு மாசா மாசம் தனியா வசூல் பண்ணுவீங்களா? ஆயுளுக்கும்னு போட்டிருக்கறீங்களே, ஆரோட ஆயுசுன்னு எங்க வக்கீலு கேட்டாரு. அந்தச் சாப்ட்வேரோட ஆயுசாம். அதக் கொன்னதும் நீங்கதான், அதுக்குக் காரியம் பண்ணி வசூல் பண்றதும் நீங்கதான். நல்ல யாவாரமுங்க. எனக்கு இது தெரியாமப் போச்சு, காலம் பூராவும் குச்சிக்கெழங்க மொத்தமாவே வித்துட்டிருந்திருக்கறேன்.

அட, நீங்க என்ன பண்ணுவீங்க, சம்பளத்துக்கு வந்தவரு. இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?

கதிர்வேலா? அவங்கிட்டயும் விசாரிச்சிட்டுத்தான் வாரீங்களாக்கும். பக்கத்துக் காட்டுக்காரன். அவன் என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். மழ கொட்டுறப்பக் கூடத் தங்கசாமி மோட்டருக்குப் போன் போட்டுக் காதுல வெச்சுட்டு நின்னவன், கேஸு போடாம என்ன பண்ணுவான், அவனுக்கு மோட்டரு கிறுக்குன்னு சொல்லியிருப்பான். வெண்ணந்தூரு டீக்கடையில நான் போய் உக்காந்தாப் போதும், ஏனுங்க மாமா, மோட்டரு சாப்புட்டுச்சான்னு கேப்பானுங்க. கேட்டுட்டுப் போறானுங்க. மழ பேஞ்சா என்னங்க, கரண்டு இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சுக்கறது தப்புங்களா?

பிளஸ்ஸா? ஆயுளுக்கும் இலவசமாவே குடுக்கறீங்களா? மறுபடியும் ஆயுளு! வேண்டாமுங்க, அது இருக்குதுங்க என்றகிட்ட.

ஆமாங்க. பணங் கட்டிட்டனுங்க. கேஸு நடந்துட்டிருக்கறப்பவே கட்டிட்டேன். வக்கீலுக்குத் தெரியாது, தெரிஞ்சா என்னையக் கோர்ட்டுப் படியில இருந்து கீழ தள்ளி உட்ருவாரு. நீங்களும் சொல்லிப்போடாதீங்க. உரிமையாவது மண்ணாவதுன்னு ஒரு நாளு பொறுக்க மாட்டாமக் கட்டுனேன். கட்டுன ஒடனே, வாழ்த்துகள்னு பட்டாசு வெடிக்கற மாதிரி ஒரு படம். அதுக்குக் கீழ, பழைய குரல் பதிவுகள் புதிய வடிவத்துக்குப் பொருந்தாது, புதிய குரலைப் பதிவு செய்யவும். அவ்வளவுதான் தம்பி. வெடி வெடிச்சது மட்டுந்தான் மிச்சம்.

இப்ப நீங்க சொல்லுங்க, அந்தப் பழைய பதிவு உங்க கம்பெனி கம்ப்யூட்டர்ல எங்கயாச்சும் ஒரு மூலையில கெடக்குதா?

…அழிச்சுட்டீங்களா.

நெசமாவா? ஒருக்கா நல்லாக் கேட்டுச் சொல்லுங்க. கேட்டுட்டுத்தான் வந்தீங்களா. ம். எடத்த அடைக்குதுன்னு அழிச்சுட்டீங்க. அதுக்குத்தான் இந்தப் புதுப் பொட்டியாக்கும். சரிங்க. நாலஞ்சு வார்த்த, அது உங்களுக்கு எடத்த அடைச்சிருக்குது.

என்னங்க? மொதல்ல பேசுனவங்களையே மறுபடியும் பேச வெச்சு… அது சுளுவுன்னு நெனச்சுட்டீங்க. பொண்ணு கொரலுங்க. எங்க பொண்ணு சத்யபிரியா. காலேஜு லீவுக்கு வந்திருந்தப்ப அவதான் பொட்டிய மாட்டுனா. கம்பெனிக் கொரலு எங்கப்பனுக்குப் புரியாது, நானே பேசறேன்னு ஸ்டார்ட்டர் ரூம்புல நின்னே பேசிப் பதிஞ்சா. வார்த்தைக்கு வார்த்த ங்க போட்டு. ஊட்டுல எங்கிட்ட ஒரு நாளும் அத்தன மரியாதையாப் பேசுனதில்ல, மோட்டருக்குத்தான் அந்த மரியாத.

இருக்கறாளுங்க, நல்லாத்தான் இருக்கறா. கெங்கவல்லியில. அப்படி நீங்க பாக்க வேண்டாம், உசுரோடதான் இருக்கறா. இளவழகன்னு ஒரு பையன், நம்ம ஆளுக இல்ல. போய்க் கட்டிக்கிட்டா. பங்காளிக எல்லாருங் கூடி உக்காந்தாங்க. நானு வாசல்ல நின்னு தல முழுகுனேன். செத்தவங்களுக்கு முழுகறோமல்ல, அந்த மாதிரி. முழுகியாச்சுன்னா பேர எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. இன்னிக்கு வரைக்கும் எடுத்ததில்லீங்க, பேசுனதுமில்ல. மோட்டருக்குப் போன் போடக் கூடாதுன்னு பங்காளிக ஆரும் சொல்லலையே.

நான் மட்டும்னு நெனைக்காதீங்க. அந்தப் பொட்டியில ரெண்டு நம்பரு பதிஞ்சிருக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு எங்கூட்டுக்காரி வசந்தாமணியோடது. மாட்டுக் கட்டுத்தரைக்கு அக்கட்ட நின்னு காதுல வெச்சிருப்பா. என்னையப் பாத்தா, த்ரீபேஸ் வந்துருச்சாமான்னு சொல்லிட்டுச் சாணி அள்ளப் போயிருவா. நானும் சரிம்பேன். அது மேல ஒருத்தருக்கொருத்தரு ஒண்ணுங் கேட்டுக்கறதில்ல. அந்த அன்பார்ந்த வாடிக்கையாளரு வந்த அன்னிக்கு அவ அடுப்புப் பத்த வெக்கல தம்பி. அதுக்கப்பறந்தான் நான் வக்கீலப் பாக்கப் போனது.

கையெழுத்துத்தான, போட்டுக் குடுக்கறேன். இனி எதுக்கு கேஸு.

நீங்க அவளக் கூப்புடறீங்களா? நீங்களே? வேண்டாமுங்க. அது… என்னன்னு சொல்லுவீங்க? ம். கம்பெனியில இருந்து பேசறோம், பழைய பதிவு அழிஞ்சிருச்சு, இன்னொருக்காப் பேசிக் குடுங்கன்னா. சரி, அதுல என்ன தப்பு, அது உங்க கம்பெனி சோலி. நான் ஒண்ணும் பேசல. நான் தல முழுகுனவன், நான் பேச மாட்டேன்.

எழுதிக்கங்க, நம்பரு சொல்றேன். பாக்க வேண்டியதில்ல, தெரியும்.

இருங்க, அமுக்கிராதீங்க. வசந்தாமணி… ஏ வசந்தாமணி, கைய கழுவிட்டு இங்க வா, மோட்டரு கம்பெனிக்காரரு போன் போடறாரு.

ம், இப்பப் போடுங்க சாமி. ஸ்பீக்கர்ல போடுங்க.